டர்பன் வீட்டுக் கராஜில் மோட்டார் சைக்கிள் பட்டறை அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

கடையில் மெக்கானிக் காலையில் பிரித்த எஞ்சினை அன்று மாலையோ மறுநாளோ பூட்டிவிடுவார். வீட்டில் வேலை செய்யும் நமக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம், அதற்கடுத்த வாரம் காவடி, அதற்குப் பிறகும் சொல்லிவைத்த கேஸ்கெட் வந்து சேரவில்லை என்று, பிரித்த வண்டி ஆறு வாரம் பிரித்தபடியே கிடக்கும். பாதியில் நின்ற வேலையைக் கெடாமலும் தொலையாமலும் காத்து வைப்பதே வீட்டுப் பட்டறையின் முதல் கடமை என்பதை நான் மூன்று வண்டிகளைப் பிரித்த பிறகுதான் உணர்ந்தேன். கருவிகளை வாங்குவதற்கு முன் தரை, காற்று, மின்சாரம் ஆகியவற்றை ஒழுங்குசெய்ய வேண்டும் என்று கீழே வற்புறுத்துவது அதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் போன்ற பகுதிகளில் நம்மவர் வீடுகளில் காணும் ஒற்றைக் கார் கராஜை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏறத்தாழ 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், முன்னால் மேலே தூக்கும் கதவு, வாய்ப்பிருந்தால் ஒரு சன்னல். வீட்டுக்காரரே பின்னாளில் சேர்த்துக் கட்டிய கராஜ்கள் பல. அவற்றில் தரைச் சரிவும் மின்கம்பியும் எப்படி இருக்கின்றன என்பதை நாமே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

முதல் படி: காலி செய்தல், அளத்தல், கூரையைப் பார்த்தல்

கராஜை முழுவதும் காலி செய்யுங்கள். பழைய மெத்தையும் திருவிழாப் பாத்திரங்களும் ஒரு மூலையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், அந்த மூலை வளர்ந்துகொண்டே வரும். பிறகு தரையில் சாக்கட்டியால் வண்டியின் வடிவத்தை வரையுங்கள். சராசரி வண்டி 2 மீட்டர் நீளமும், ஹேண்டில்பாரை அளந்தால் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் இரு பக்கமும் முட்டிபோட்டு உட்கார்ந்து ஸ்பானரைச் சுழற்ற ஒரு மீட்டராவது வேண்டும். இந்தக் கணக்கில் 3 மீட்டர் அகலமான கராஜில் பக்கச் சுவரோரம் மேசை போட இடமில்லை. ஆகவே மேசை பின்சுவரை ஒட்டியும், வண்டி அதை நோக்கி முகம் வைத்தும் நிற்பதே நல்லது. மேசைக்கு 60 சென்டிமீட்டர், நடமாட ஒரு மீட்டர், வண்டிக்கு 2 மீட்டர் போக, கதவுப் பக்கம் மிஞ்சுவது 2.4 மீட்டர்தான். அதில் கார் நிற்காது. கார் வெளியே நிற்கும் என்பதை வீட்டில் எல்லோரிடமும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அண்ணாந்து பாருங்கள். பழைய கராஜ்களில் கூரை சாம்பல் நிற நெளிவுத் தகடாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் 2008இல் தடைசெய்யப்பட்டன; அதற்கு முன்பு போட்ட கூரைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உடையாமல் பூசி வைத்திருக்கும் தகட்டால் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் விளக்கு மாட்டுவதற்காக அதில் துளையிடுவதோ, கம்பித் தூரிகையால் தேய்ப்பதோ, அழுத்த நீரால் கழுவுவதோ நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் நார்களைக் காற்றில் கலக்கும். விளக்குகளை மரச்சட்டத்தில் மாட்டுங்கள். தகட்டை மாற்றத்தான் வேண்டுமென்றால் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரிடம் விடுங்கள்.

இரண்டாம் படி: தரை

வெறும் கான்கிரீட் எண்ணெயைக் குடிக்கும், தூசியை உதிர்க்கும், கீழே விழுந்த சிறு ஸ்பிரிங்கைக் கண்ணில் காட்டாது. வெளிர்சாம்பல் எபாக்சி வண்ணம் இம்மூன்றையும் தீர்க்கும். ஆனால் பூசுவதற்கு முன் ஈரச் சோதனை அவசியம். அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்தத் தரையில் எபாக்சி சில மாதங்களில் தோல்போல் உரிந்து வரும். அத்தகைய தரைக்கு வண்ணத்தைக் கைவிட்டு, கெட்டியான ரப்பர் விரிப்பு போதும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டானால் 28 நாளாவது ஆறவிடுங்கள். டர்பனில் இத்தகைய பூச்சு வேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான உலர்ந்த மாதங்களே ஏற்றவை.

தரை கதவை நோக்கிச் சரிகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பன் அமைந்த குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டில் இழப்பு பொருளோடு நின்றது. கணுக்கால் அளவுக்குச் சேற்றுநீர் கராஜுக்குள் வந்து, ஒரு இரவு தங்கிப் போயிற்று. தரையில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த 125 சிசி எஞ்சினின் பாகங்களை மறுநாள் எடுத்தபோது, பெட்டி கையோடு பிய்ந்து வந்தது. கிராங்க் பேரிங்கைச் சுழற்றினால் மணல் அரைபடும் ஒலி கேட்டது. அன்றிலிருந்து என் கராஜில் எந்த அலமாரியின் கீழ்த்தட்டும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கீழே இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் சுவரில்தான் தொங்குகின்றன.

மூன்றாம் படி: காற்றும் நெருப்பும்

இந்தப் படியில் செலவு குறைவு, கவனம் அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தண்ணீர்போல் தரையில் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். நம் வீடுகளில் கராஜின் மூலையில் டீப் ஃப்ரீசர் வைப்பது வழக்கம். அதன் தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தாமாகவே இயங்கிச் சிறு பொறியை உண்டாக்கும். நீங்கள் டேங்கிலிருந்து பெட்ரோலை வடிக்கும் நேரம் அது இயங்குமா என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே ஃப்ரீசரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால், பெட்ரோல் தொடர்பான வேலை எதையும், கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றுவது உட்பட, வெளியே திறந்த முற்றத்தில் செய்யுங்கள். பெட்ரோலை அதற்குரிய கேனில், 5 லிட்டருக்கு மேற்படாமல், கராஜுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

சுவரின் அடிப்பகுதியில் ஒன்றும் மேற்பகுதியில் ஒன்றுமாக, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளை இருந்தால் ஆவி தங்காது. எஞ்சினை ஓடவிடுவதாக இருந்தால் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, காற்று எதிர்த்திசையில் வீசினால் அது கதவு வழியாகவே திரும்பி உள்ளே வரும், வீட்டுக்குள் போகும் கதவிடுக்கிலும் நுழையும்.

தீயணைப்பானாக 4.5 கிலோ உலர் ரசாயனப் பொடி உருளை ஒன்றை வெளியேறும் கதவின் அருகில் மாட்டுங்கள். மேசைக்குப் பின்னால் மாட்டினால், அதை எடுக்க நெருப்பைத் தாண்டிப் போக வேண்டிவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை வெல்டிங் செய்யாதீர்கள். அந்த வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பழைய டிரம் பிரேக்கைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பிரேக் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

நான்காம் படி: மின்சாரமும் வெளிச்சமும்

பல கராஜ்களில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும், அதுவும் விளக்குக் கம்பியிலிருந்து யாரோ இழுத்ததாக இருக்கும். பட்டறைக்கு, வீட்டின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி போர்டிலிருந்து தனி இணைப்பு வேண்டும். 1.5 கிலோவாட் கம்ப்ரஸர் 230 வோல்ட்டில் ஓடும்போது ஏறத்தாழ 6.5 ஆம்பியர்தான் எடுக்கும். தொடங்கும் கணத்திலோ அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் அது வீட்டின் பிற கருவிகளோடு ஒரே இணைப்பில் இருந்தால் பிரேக்கர் விழுகிறது. பட்டறையின் எல்லா பிளக்குகளும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு) பாதுகாப்புக் கருவியின்கீழ் வர வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அழுத்தியதும் அது விழ வேண்டும். இந்த வேலையைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, முடிந்தபின் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும் நாளில் அந்தத் தாள் எப்படியும் தேவைப்படும்.

எக்ஸ்டென்ஷன் கம்பியை உருளையில் சுற்றியபடியே கிரைண்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகும். மின்வெட்டு வந்துபோகும் நாட்டில் சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுவேலையில் மின்சாரம் போனால் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது அது மேசைமேல் தானே சுழலத் தொடங்கும்.

வெளிச்சத்துக்கு எளிய கணக்கு ஒன்று. 18 சதுர மீட்டர் இடத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 லூமன் வைத்தால் 9,000 லூமன். நான்கடி நீளமுள்ள 18 வாட் எல்இடி குழல் ஏறத்தாழ 1,800 லூமன் தரும். சுவரும் தூசியும் விழுங்குவதைச் சேர்த்து ஆறு குழல்கள் போதும். அவற்றை வண்டிக்கு நேர் மேலே மாட்டாமல் இரு பக்கமும் மூன்று மூன்றாக மாட்டினால் நம் நிழல் வேலையின்மேல் விழாது.

ஐந்தாம் படி: மேசை, வைஸ், வண்டியை நிறுத்தும் முறை

மேசையின் உயரம் நம் உடலைப் பொறுத்தது: நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரம், பெரும்பாலோருக்கு 90 சென்டிமீட்டர் அளவில், சரியாக இருக்கும். 38 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைகளைப் போட்டு, சட்டத்தைச் சுவரோடு போல்ட் அடித்து இறுக்குங்கள். மேசை அசைந்தால் அரம் போடும்போது பாதி உழைப்பு வீணாகும். பொருளைக் கவ்விப் பிடிக்க 125 மில்லிமீட்டர் வைஸ் நம் வேலைக்குப் போதுமானது. அதன் அசையாத தாடை மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு பொருத்தினால், ஃபோர்க் குழாய் போன்ற நீளமான பொருளை நிமிர்த்திப் பிடிக்கலாம். எல் வடிவ அலுமினியப் பட்டையை வெட்டித் தாடைக்கு உறை செய்துகொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்கும் லிஃப்ட் மேசை நல்லதுதான், ஆனால் முதல் வருடத்துக்கு வேண்டாம். நடு ஸ்டாண்டோ பின்சக்கர ஸ்டாண்டோ இருந்தால் வேலை நடக்கும். சுவரில் இரண்டு வலுவான கொக்கிகளைப் பதித்து, பக்கியில் (திறந்த பின்புறமுள்ள சிறு டிரக்கில்) வண்டி ஏற்றும்போது கட்டுவோமே, அதே ராட்செட் பட்டைகளால் இரு பக்கமும் கட்டிவையுங்கள். பாதி பிரித்த வண்டியின் எடை ஒவ்வொரு பாகம் கழலும்போதும் இடம் மாறும். எஞ்சினை இறக்கிய வினாடியில் பின்பக்கம் கனத்து, முன்சக்கரம் எழும்பும். கூரைச் சட்டத்தில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்க வேண்டாம். அந்தச் சட்டம் கூரையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது.

ஆறாம் படி: கருவிகள்

பெரிய பெட்டியாக நூற்றைம்பது உருப்படி கொண்ட செட் வாங்காதீர்கள். பாதி நமக்குப் பயன்படாது. 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை காம்பினேஷன் ஸ்பானர்கள், ஆறுமுனை உள்ளமைந்த சாக்கெட்டுகள், 8, 10, 12 அளவில் டி-கைப்பிடிகள், ஆலன் சாவிகள், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், வெர்னியர், மல்டிமீட்டர் ஆகியவற்றைத் தரமாக வாங்குங்கள். ஜப்பானிய வண்டியில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 அல்லது 10 ஸ்பானரும், 8 மில்லிமீட்டருக்கு 12உம், 10 மில்லிமீட்டருக்கு 14உம் பெரும்பாலும் பொருந்தும் என்பதால் இந்தச் சிறு தொகுப்பே வண்டியின் பெரும்பகுதியைப் பிரித்துவிடும். ஃப்ளைவீல் புல்லர் போன்ற தனிக்கருவிகளை அந்த வேலை வரும்போது வாங்கலாம்.

இரண்டு கருவிகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது திருப்புளி. ஜப்பானிய கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைக் குனிந்து கூர்ந்து பாருங்கள். கூட்டல் குறிக்கு அருகே தலையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு குழி தெரிந்தால் அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தொழில்தரத் திருகு. குழி இல்லாதவையும் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை உட்காராது. திருப்பினால் மேலேறி நழுவி, மென்மையான தலையைக் கிண்ணம்போல் குடைந்துவிடும். நாற்பது வருடம் திறக்காத திருகுக்கு ஒரு நழுவல் போதும். ஜேஐஎஸ் முனையுள்ள திருப்புளிகள் இரண்டையும், பக்கக் கவரின் இறுகிய திருகுகளுக்காகச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றையும் வாங்கிவிட்டால், எதிர்காலத்தில் துளையிட்டுத் திருகெடுக்கும் பல மணி நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது, எவ்வளவு விசையோடு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கிளட்ச் கவரை மூடும்போது கையின் உணர்வை நம்பி நீளமான அரை அங்குல ராட்செட்டால் இறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென்று வெண்ணெய்போல் இளகியது; அலுமினிய மரை முழுவதும் சுருள் சுருளாக அதனோடு வெளியே வந்தது. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா வந்து பார்த்துவிட்டு, “ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இவ்வளவு நீளக் கைப்பிடியா மருமகனே?” என்று மட்டும் கேட்டார். ஹெலிகாயில் சுருள் வைத்து அந்த மரையை மீட்க ஒரு சனிக்கிழமை போயிற்று. பொதுவாக 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8க்கு 22, 10க்கு 34 என்பது நல்ல தொடக்க அளவு. வண்டியின் சர்வீஸ் மானுவலில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதியானது. சிறிய அளவுகளைத் துல்லியமாகக் காட்டும், 5 முதல் 25 வரையிலான சிறு ரெஞ்சை முதலில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அதை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும்.

கம்ப்ரஸர் வாங்கினால் 50 லிட்டர் போதும். டர்பன் காற்றின் ஈரம் அதன் தொட்டிக்குள் நீராகத் தேங்கும்; அடியிலுள்ள வால்வை ஒவ்வொரு முறையும் திறந்து வடிக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்தே துருவேறும்.

ஏழாம் படி: நின்ற வேலையைக் காத்தல்

இங்குதான் வீட்டுப் பட்டறை வெல்வதும் தோற்பதும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டப்பா வையுங்கள். நம் வீடுகளில் குறைவில்லாமல் சேரும் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் இதற்குப் பொருத்தமானவை, மூடியும் இறுகும். மூடியின்மேல் ஒட்டுநாடாவில் வண்டியின் பெயர், பகுதி, கழற்றிய தேதி மூன்றையும் எழுதுங்கள். எஞ்சின் பக்கக் கவரின் திருகுகள் நீளத்தில் ஒன்றுக்கொன்று மாறுபடும். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டால் மரை உடையும். தானியப் பெட்டி அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே குத்தி நிறுத்திவிட்டால் ஆறு மாதம் கழித்தும் ஐயம் எழாது. கேபிளையும் மின் இணைப்பையும் கழற்றுவதற்கு முன் இரண்டு கோணங்களில் படம் எடுங்கள். ஒன்று அருகிலிருந்து, ஒன்று அது எந்த வழியாகப் போகிறது என்று தெரியும்படி எட்ட நின்று.

கடற்காற்று வீசும் ஊரில் துடைத்த இரும்பு ஒரே இரவில் சிவக்கும். சிலிண்டரின் உட்சுவர், கிராங்க், கியர் ஆகியவற்றில் எஞ்சின் ஆயிலைத் தடவி, காற்றுப் புகாத பையில் வையுங்கள். திறந்திருக்கும் இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களைப் பளிச்சென்ற நிறத்துணியால் அடையுங்கள். அழுக்கு நிறத்துணியை மறந்து உள்ளேயே வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. கார்புரேட்டரை வடித்துவிடுங்கள், டேங்கை நிறைத்தோ முழுவதும் காலிசெய்து உட்புறம் எண்ணெய் சுழற்றியோ வையுங்கள். அரை டேங்கில்தான் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

எட்டாம் படி: கழிவும் பூட்டும்

வடித்த எஞ்சின் ஆயிலை அது வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி வையுங்கள். அதில் பிரேக் திரவம், கூலன்ட், பெட்ரோல் எதுவும் கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் பணியை ரோஸ் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைக்கிறது. அருகிலுள்ள சேகரிப்பு இடத்தை விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது நம் ஓடை வழியாகக் கடலுக்குத்தான் போகும். ஆளிவிதை எண்ணெயோ வண்ண எண்ணெயோ நனைந்த துணிகள் சுருட்டி வைத்தால் தாமாகவே பற்றிக்கொள்ளும். அவற்றை விரித்து உலர்த்தி, மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள்.

கராஜைப் பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கம்ப்ரஸர் நீரை வடித்து, பிளக்குகளைப் பிடுங்கி, ஸ்பானர்களை எண்ணெய்த் துணியால் துடைத்து, தரையைக் காந்தத்தால் ஒருமுறை தடவி, வண்டியின் சட்டத்தைத் தரைக் கொக்கியோடு சங்கிலியால் பூட்டுங்கள். கடைசியாக ஒரு துண்டுத்தாளில் அடுத்து செய்ய வேண்டிய வேலையை முழு வாக்கியமாக எழுதி டேங்கின்மேல் ஒட்டிவிடுங்கள். இப்போது என் வண்டியின்மேல் இருக்கும் தாளில், “இடது பக்க வால்வு இடைவெளி பார்க்கவில்லை, மூன்றாவது டப்பாவிலிருந்து எடுத்துப் பூட்டிய இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் கை இறுக்கத்தில்தான் உள்ளன” என்று எழுதியிருக்கிறது.